டயரின் வயது

2018 ஜூன் மாதத்தில் ஒரு சனிக்கிழமை, மினசோட்டாவின் 169ஆம் எண் நெடுஞ்சாலையோரத்தில் முன்பின் அறியாத ஒருவர் என்னிடம் கேட்டார்: "உங்கள் டயருக்கு என்ன வயது?"

என்னிடம் பதில் இல்லை. படகின் நீளம் தெரியும். இயந்திரத்தின் குதிரைத்திறன் தெரியும். போய்க்கொண்டிருந்த ஏரியில் எந்தப் பக்கம் என்ன மீன் கிடைக்கும் என்பதுவரை படித்து வைத்திருந்தேன். அந்தப் படகைச் சுமந்து வந்த ட்ரெய்லரின் டயருக்கு வயது என்று ஒன்று உண்டு என்பது மட்டும் அதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை. டயர் என்றால் ஓடும், தேயும், மொட்டையாகும், மாற்றுவோம். நான் அறிந்த டயரின் வாழ்க்கை வரலாறு அவ்வளவுதான்.

கேட்டவரின் தோல் சட்டையில், இடது தோளுக்குச் சற்றுக் கீழே, கரிக்கட்டையால் இழுத்தது போல ஒரு கறுப்புக் கோடு இருந்தது. என் டயர் போட்ட கோடு அது.

*

மினசோட்டாவில் கார்களின் எண் பலகையிலேயே பத்தாயிரம் ஏரிகள் என்று எழுதியிருக்கும். பத்து ஏக்கருக்கு மேற்பட்டவற்றை மட்டும் எண்ணினால் 11,842 என்பது கணக்கு. மே மாத நடுவில் மீன்பிடிப் பருவம் தொடங்கும் வார இறுதியில் மினியாபோலிஸிலிருந்து வடக்கே போகும் சாலைகளில் படகுகள் வரிசையாக ஊர்ந்துகொண்டிருக்கும். வெளியூரிலிருந்து வந்து குடியேறியவர்கள் நாலைந்து கோடைகள் அதை வேடிக்கை பார்ப்பார்கள். பிறகு ஒருநாள் தாங்களும் ஒரு படகு வாங்குவார்கள். எனக்கு அந்தப் பித்துப் பிடிக்க ஒன்பது வருடங்கள் ஆயின.

2017 செப்டம்பரில், எங்கள் தெருக்கோடியில் இருந்த ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் தம்முடைய பதினேழடி அலுமினியப் படகை ட்ரெய்லரோடு விற்பதாகச் சொன்னார். முழங்கால் வலி, இனிப் படகில் ஏறி இறங்க முடியாது என்றார். நேர்மையான மனிதர். இயந்திரம் எப்போது பழுது பார்க்கப்பட்டது என்பதற்கெல்லாம் ரசீது வைத்திருந்தார். ட்ரெய்லரைச் சுற்றிக் காட்டும்போது, "டயர்கள் அதிகம் ஓடவில்லை. நாலு மைல் தள்ளியிருக்கும் ஏரிக்குத்தான் போவேன்" என்றார். அதைச் சிறப்பாகத்தான் சொன்னார். நானும் சிறப்பாகத்தான் எடுத்துக்கொண்டேன். குனிந்து பார்த்தேன். பட்டன் ஒவ்வொன்றும் கூர் மழுங்காமல் இருந்தது. அச்சிலிருந்து எடுக்கும்போது டயரில் ஒட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய ரப்பர் முடிகள்கூட ஓரங்களில் உதிராமல் நின்றன.

பிறகு நான் செய்த காரியத்தைச் சொல்லத்தான் வேண்டும். காலால் டயரை ஓங்கி ஓர் உதை உதைத்தேன். கல்லைப் போலிருந்தது. திருப்தியாகத் தலையாட்டினேன்.

அந்த உதை நாமக்கல்லில் கற்றது. மாமாவிடம் ஒரு லாரி இருந்தது. பள்ளி விடுமுறைகளில் அவர் வீட்டுக்குப் போனால் லாரி கிளம்பும் சடங்கைப் பார்க்க விடியற்காலையிலேயே எழுந்துவிடுவேன். கிளீனர் அண்ணன் ஓர் இரும்புக் கம்பியோடு வண்டியைச் சுற்றி வந்து ஒவ்வொரு டயராகத் தட்டுவார். பின்னால் இரட்டைச் சக்கரங்களில் உட்பக்க டயர் கண்ணுக்குத் தெரியாது. கம்பி பட்டுத் 'டங்' என்று துள்ளினால் காற்று இருக்கிறது. 'பொத்' என்று விழுந்தால் இறங்கிவிட்டது. கம்பி கையில் இல்லாதபோது காலால் உதைப்பார். வழியில் நிறுத்தும் இடங்களில் ஹப்பின் மேல் புறங்கையை வைத்துச் சூடு பார்ப்பார். மருத்துவர் நாடி பார்ப்பதைப் போன்ற முகம் அப்போது அவருக்கு வந்துவிடும்.

இவற்றில் நான் எடுத்துக்கொண்டது உதையை மட்டும். அந்தத் தட்டு எதற்காக என்று யோசிக்கவில்லை. அடியோடு இறங்கிப்போன டயரை நிறைந்த டயரிலிருந்து பிரித்தறிய அது உதவும். ஐம்பது பிஎஸ்ஐ இருக்க வேண்டிய டயரில் முப்பத்து நாலு இருப்பதை உலகின் எந்தக் காலும் எந்தக் காதும் சொல்லாது.

*

அந்தச் சனிக்கிழமை மில் லாக்ஸ் ஏரிக்குப் போய்க்கொண்டிருந்தோம். மினியாபோலிஸிலிருந்து நூறு மைல் தொலைவு. படகுக்குள் கூடாரம், போர்வைகள், ஐஸ் பெட்டி, மூன்று நாள் சாப்பாடு, குழந்தைகளின் இரண்டு சைக்கிள்கள் எல்லாவற்றையும் அடைத்திருந்தேன். படகு என்பது ஒரு பெரிய கூடை. இடம் இருக்கும்வரை அதில் போட்டுக்கொண்டே இருக்கலாம் என்று தோன்றும். வெயில் ஏறியிருந்தது. பிரின்ஸ்டனைத் தாண்டியபோது கார் எழுபது மைல் வேகத்தில் இருந்தது.

முதலில் காரின் பின்பக்கத்தை யாரோ பிடித்து உலுக்கியதைப் போலிருந்தது. பிறகு வெடிச்சத்தம். கண்ணாடியில் பார்த்தேன். ட்ரெய்லரின் இடது மட்காப்பு மேல்நோக்கி மடிந்திருந்தது. அதிலிருந்து கறுப்பாக, நீளமாக, பாம்பைப் போன்ற ஒன்று எழும்பி இடது தடத்தை நோக்கிப் பறந்தது. அந்தத் தடத்தில், எங்களுக்குச் சற்றுப் பின்னால், ஒரு மோட்டார் சைக்கிள் வந்துகொண்டிருந்தது.

நான் பிரேக்கை ஓங்கி மிதிக்கவில்லை. அது சாமர்த்தியம் அல்ல, கால் மரத்துப்போயிருந்தது. அதுவே நல்லதாகப் போயிற்று. அந்த நேரத்தில் அழுத்தி மிதித்தால் ட்ரெய்லர் பக்கவாட்டில் வீசி காரையும் இழுத்துக்கொண்டு போகும் என்று பின்னர் தெரிந்துகொண்டேன். வேகம் தானாகக் குறைய, வலது ஓரத்தில் போய் நின்றோம். மனைவி திரும்பிப் பின்னிருக்கையைப் பார்த்தாள். குழந்தைகளுக்கு ஒன்றுமில்லை. நான் கதவைத் திறந்து பின்னோக்கி ஓடினேன். மோட்டார் சைக்கிளும் ஓரத்தில் நின்றிருந்தது. அவர் தலைக்கவசத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

மன்னிப்புக் கேட்டேன். எத்தனை முறை என்று நினைவில்லை. அவர் கையமர்த்திவிட்டு என்னோடு ட்ரெய்லர்வரை நடந்து வந்தார். குந்தி உட்கார்ந்து மிஞ்சியிருந்த சக்கரத்தைப் பார்த்தார். பக்கச் சுவர்கள் முழுசாக இருந்தன. மேலே, தரையைத் தொடும் பட்டை மட்டும் தோலுரித்ததைப் போலக் கழன்று போயிருந்தது. எஃகுக் கம்பிகள் துருத்திக்கொண்டு நின்றன. அப்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டார். நான் விழித்ததைப் பார்த்துவிட்டு அவரே விரலால் டயரின் பக்கத்தைத் துடைத்து எழுத்துகளைத் தேடினார். டிஓடி என்று தொடங்கும் ஒரு வரியின் முடிவில், நீள்வட்டக் கட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருந்தன. 2309.

"2009ஆம் ஆண்டு, இருபத்து மூன்றாவது வாரம்" என்றார்.

நாங்கள் நின்றிருந்ததும் ஏறக்குறைய இருபத்து மூன்றாவது வாரத்தில்தான். ஒன்பது ஆண்டுகள் நிறைந்த டயர். அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சற்று எளிதாக இருந்திருக்கும். தோளைத் தடவிப் பார்த்துக்கொண்டு, நலமாகப் போய்ச் சேருங்கள் என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார்.

*

அந்தப் பகல் அதோடு முடியவில்லை. ஸ்டெப்னி ஒன்று ட்ரெய்லரின் முன்புறம் மாட்டியிருந்தது. அதன் நான்கு இலக்கங்களும் 2309தான். அதை மாட்டலாம் என்றால் காரின் ஜாக்கி ட்ரெய்லரின் அச்சுக்குக் கீழே பொருந்தவில்லை. காரின் ஸ்பேனர் ட்ரெய்லரின் வீல் நட்டுகளுக்குச் சேரவில்லை. ஆளை வரவழைத்து, வண்டியை இழுத்துக்கொண்டு பிரின்ஸ்டனில் ஒரு டயர்க் கடைக்குப் போய்ச் சேர மூன்று மணி நேரம் ஆயிற்று.

கடைக்காரர் வெடிக்காத வலது டயரைத்தான் முதலில் பார்த்தார். அளவுமானியை வைத்தார். 34 பிஎஸ்ஐ. பக்கச் சுவரில் கட்டைவிரலை ஊன்றி அழுத்தினார். அதுவரை கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய வெடிப்புகள், வறண்ட குளத்துச் சேற்றைப் போல, விரலைச் சுற்றி வாய்திறந்தன. "இதுவும் இன்றைக்கோ நாளைக்கோ போயிருக்கும்" என்றார். பட்டன் புதிதாக இருக்கிறதே என்று கேட்டேன். அவர் சிரிக்காமல் பதில் சொன்னார்: "படகு ட்ரெய்லரின் டயர் தேய்ந்து செத்து நான் பார்த்ததில்லை."

வீடு திரும்பியபின் பல இரவுகள் இதைப் படிப்பதிலேயே கழிந்தன. அந்தக் கறுப்புக் கோடு ஓர் அடி மேலே விழுந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்ற நினைப்பிலிருந்து தப்ப, காரணங்களைத் தேடிப் போவது ஒரு வழியாக இருந்தது.

ரப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கினால் அது இறுகி உறுதிப்படும் என்று சார்லஸ் குட்இயர் கண்டது 1839இல். அந்தச் சூட்டில் ரப்பரின் நீண்ட இழைகளுக்கிடையே கந்தகம் பாலங்கள் கட்டுகிறது. தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தபின் ஆக்சிஜன் தன் வேலையைத் தொடங்குகிறது. ஆண்டுக்கணக்கில் மெதுவாக உள்ளே நுழைந்து, சில இழைகளை அறுத்து, சிலவற்றை மேலும் இறுக்கி, ரப்பரைக் கடினமாக்குகிறது. நெகிழ்ச்சி போய்விட்ட ரப்பர் எஃகுப் பட்டைகளோடு கொண்ட பிடியை விடத் தொடங்கும். காற்றில் கலந்துள்ள ஓசோன் வெளிப்புறத்தைக் கீறும். இவற்றைத் தடுப்பதற்காக டயரின் கலவையிலேயே மெழுகும் வேறு வேதிப்பொருள்களும் சேர்த்திருப்பார்கள். டயர் உருளும்போது ரப்பர் வளைந்து நிமிர, அந்த மெழுகு உள்ளிருந்து கசிந்து மேற்பரப்பில் படலமாகப் பரவும். ஓடாமல் நின்றுகொண்டிருக்கும் டயரில் அந்தக் கசிவு சரிவர நடப்பதில்லை. வேலை செய்யும் டயருக்குக் கிடைக்கும் காப்பு, சும்மா இருக்கும் டயருக்குக் கிடைப்பதில்லை.

படகு ட்ரெய்லரின் வாழ்க்கையை நினைத்துப் பாருங்கள். மினசோட்டாவில் அக்டோபரில் படகைக் கரையேற்றினால் மே மாதம்வரை அது வாசலோரத்தில் நிற்கும். ஒரே இடம், ஒரே சுமை, ஒரு பக்கம் வெயில். ஏழு மாதங்களில் காற்று தானாகக் கசிந்து இறங்குகிறது. பழுதில்லாத டயரிலேயே மாதத்துக்கு ஒன்றிரண்டு பிஎஸ்ஐ குறையும். பிறகு ஒரு விடுமுறை நாளில், யாரும் காற்றைப் பார்க்காமல், ஆண்டிலேயே மிக அதிகமான சுமையோடும் வேகத்தோடும் அது கடும் வெயிலில் நூறு மைல் இழுக்கப்படுகிறது. நாலு மைல் ஏரிக்குப் போய்வந்த காலத்தில் அதன் முதுமை வெளிப்படவில்லை. சூடேறுவதற்குள் ஏரி வந்துவிடும். பெரியவர் எனக்குச் சொன்னது முழு உண்மை.

*

சுமையின் கணக்கையும் போட்டுப் பார்த்தேன். அதே சாமான்களோடு படகையும் ட்ரெய்லரையும் லாரி எடைமேடையில் ஏற்றினால் 3200 பவுண்டு காட்டியது. விளம்பரத் தாளில் படகின் எடை 1300 பவுண்டு என்றிருக்கும். அது வெறும் கூடு. தொண்ணூறு குதிரைத்திறன் இயந்திரம் 350 பவுண்டுக்கு மேல். இருபது கேலன் பெட்ரோல் 120 பவுண்டு. மூன்று பேட்டரிகள் 150. ட்ரெய்லரே 800. மிச்சம் எங்கள் கூடாரமும் சைக்கிள்களும். இதில் ஏறக்குறைய 300 பவுண்டைக் காரின் கொக்கி ஏற்கிறது. மற்றது இரண்டு சக்கரங்களின் மேல், தலா 1450.

டயரில் எஸ்டி 205/75ஆர்14 என்று பொறித்திருந்தது. எஸ்டி என்றால் ஸ்பெஷல் ட்ரெய்லர், ட்ரெய்லருக்கென்றே செய்தது. சுமை வரிசை சி. அது 50 பிஎஸ்ஐ காற்றில் 1760 பவுண்டு தாங்கும். 34 பிஎஸ்ஐயில் தாங்குவது 1400 சொச்சம்தான். காற்று சரியாக இருந்திருந்தால் ஒவ்வொரு சக்கரத்துக்கும் 300 பவுண்டு மிச்சம் இருந்திருக்கும். இல்லாததால் அளவுக்கு மேல் ஏற்றிய வண்டியாகிவிட்டது. சுமையைத் தாங்குவது ரப்பர் என்று நினைத்திருந்தேன். உண்மையில் காற்றுதான் தாங்குகிறது. காற்று குறைந்தால் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக மடங்கி நிமிரும். அந்த மடங்கல் சூடாகும். சூடு எஃகுப் பட்டைகளின் ஓரத்தில் சேர்ந்து, கிழட்டு ரப்பரின் பிடியை விடுவிக்கும். எஸ்டி டயர்களில் வேகக் குறியீடு தனியாக இல்லையென்றால் மணிக்கு 65 மைல் என்பதே வெகுகாலமாக எல்லையாகக் கொள்ளப்பட்டுவந்தது. நான் எழுபதில் போனேன்.

இது புதிய பாடமும் அல்ல. 2000ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஃபயர்ஸ்டோன் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றது. ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் கார்களில் பட்டை கழன்று பலர் இறந்திருந்தார்கள். டெக்சஸ், அரிசோனா, ஃப்ளோரிடா போன்ற வெப்பமான மாநிலங்களில்தான் விபத்துகள் அதிகம். டயர் செய்தவர்கள் கார் செய்தவர்களையும் கார் செய்தவர்கள் டயர் செய்தவர்களையும் குற்றம் சாட்டினார்கள். விவாதத்தில் திரும்பத் திரும்ப வந்த எண் 26 பிஎஸ்ஐ, அந்தக் காருக்குப் பரிந்துரைக்கப்பட்டிருந்த குறைவான காற்றழுத்தம். அந்த ஆண்டு நவம்பரிலேயே ட்ரெட் சட்டம் வந்தது. அதன் விளைவாக 2007 செப்டம்பர் முதல் எல்லாப் புதிய கார்களிலும் டயரின் காற்று குறைந்தால் எச்சரிக்கும் விளக்கு கட்டாயமாயிற்று. அந்த விதி ட்ரெய்லர்களுக்கு இல்லை. அன்று என் காரின் நான்கு டயர்களையும் ஒரு சிறு கருவி கண்காணித்துக்கொண்டிருந்தது. பின்னால் வந்த இரண்டை யாரும் கண்காணிக்கவில்லை.

மினசோட்டாவின் ஏரித் துறைகளில் ஆய்வாளர்கள் நிற்பார்கள். படகில் பாசி ஒட்டியிருக்கிறதா, ஜீப்ரா மட்டி இருக்கிறதா, வடிகால் அடைப்பானைக் கழற்றினீர்களா என்று பொறுமையாகப் பார்ப்பார்கள். ஒரு ஏரியின் நோய் மற்றொன்றுக்குப் பரவாமலிருக்க அது அவசியம். டயரைப் பார்ப்பது அவர்கள் வேலை அல்ல. இந்த மாநிலத்தில் சொந்த வண்டிகளுக்கு ஆண்டுதோறும் தகுதிச் சோதனை என்பதும் இல்லை. பார்க்க வேண்டியவன் நான் ஒருவன்தான்.

*

அதன்பின் நான் செய்யத் தொடங்கியவற்றில் கடினமானது எதுவுமில்லை. டயரை அதன் வயதைப் பார்த்து மாற்றுகிறேன், பட்டனைப் பார்ப்பதில்லை. ஐந்து கோடைகள் முடிந்தால், முடிகள் உதிராமல் இருந்தாலும், மூன்றும் மாறும். ஸ்டெப்னியும் சேர்த்துத்தான் மூன்று. அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் ஃபீனிக்ஸ் நகரத்துக் கார்களிலிருந்து டயர்களைச் சேகரித்து ஆராய்ந்தபோது, ஓடாமல் தொங்கிக்கொண்டிருந்த ஸ்டெப்னிகளும் மூப்படைந்திருப்பதைக் கண்டது. புது டயர் வாங்கும்போதும் நான்கு இலக்கங்களைப் படித்துவிட்டே பணம் கொடுக்கிறேன். கடையின் அலமாரியில் இருப்பதும் நின்றுகொண்டிருப்பதுதானே.

கிளம்பும் நாள் காலையில், சக்கரம் உருளுவதற்கு முன், அளவுமானியால் காற்றைப் பார்த்துப் பக்கச் சுவரில் பொறித்திருக்கும் அழுத்தம்வரை நிரப்புகிறேன். ஓடிச் சூடான டயரில் அழுத்தம் கூடுதலாகக் காட்டும். அதைக் கண்டு பயந்து காற்றை இறக்கக் கூடாது. அறுபதைத் தாண்டுவதில்லை. ட்ரெய்லரின் அச்சுக்குப் பொருந்தும் ஜாக்கியும் அதன் நட்டுகளுக்கேற்ற ஸ்பேனரும் படகிலேயே இருக்கின்றன. அவற்றை ஒருமுறை வீட்டு வாசலில் பயன்படுத்திப் பார்த்தும்விட்டேன். குளிர்காலத்தில் அச்சைக் கட்டைகளின் மேல் நிறுத்திச் சக்கரங்களின் பாரத்தைக் குறைத்து, வெயில் படாமல் மூடி வைக்கிறேன். டயர் பளபளக்கப் பூசும் பெட்ரோலிய எண்ணெய்கள் மெழுகைக் கரைத்துவிடும் என்பதால் அவற்றைத் தொடுவதில்லை.

வழியில் முதல் முறை நிற்கும்போது நட்டுகளை மறுபடி இறுக்கிப் பார்க்கிறேன். ஹப்பின் மேல் புறங்கையை வைக்கிறேன். படகு ட்ரெய்லருக்கு இது இரட்டிப்பாகத் தேவை. ஓடிச் சூடான ஹப்பை ஏரியின் குளிர்ந்த நீரில் இறக்கும்போது உள்ளிருக்கும் காற்று சட்டென்று சுருங்கி, தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். நீர் கலந்த கிரீஸ் பால் போல வெளுத்துவிடும். அதன்பின் பேரிங் துருவேறித் தேயும். கையை வைத்து எடுக்க முடியாத அளவு சூடு இருந்தால் அங்கேயே நின்றுவிட வேண்டும். கிளீனர் அண்ணனிடமிருந்து நான் கற்றிருக்க வேண்டியது இதை. பார்ப்பதற்கு மிடுக்காக இருந்ததால் உதையை எடுத்துக்கொண்டேன்.

2024 ஆகஸ்டில் அந்தப் படகை விற்றேன். பையன்கள் பெரியவர்களாகிவிட்டார்கள், வார இறுதிகளில் அவர்களுக்கு வேறு வேலைகள் இருக்கின்றன. வாங்க வந்தவர் இளைஞர். மனைவியும் கைக்குழந்தையும் காரில் காத்திருந்தார்கள். படகைச் சுற்றிப் பார்த்தார், இயந்திரத்தை ஓட்டிக் கேட்டார். பிறகு ட்ரெய்லரின் பக்கம் வந்து வலது காலைத் தூக்கி டயரை ஓர் உதை உதைத்தார். கல்லைப் போல இருந்திருக்க வேண்டும். திருப்தியாகத் தலையாட்டினார்.

நாமக்கல்லில் பிறந்தவர் அல்ல அவர். எங்கே கற்றாரோ தெரியவில்லை.

"ஒரு நிமிடம்" என்று சொல்லி நான் தரையில் மண்டியிட்டேன். கைக்குட்டையால் தூசியைத் துடைத்து அந்தக் கட்டத்தைக் காட்டினேன். அவரும் பக்கத்தில் குந்தினார். நான்கு இலக்கங்களையும் வாய்விட்டுப் படித்தார். பிறகு எழுந்து போய் மற்றப் பக்கத்து டயரிலும் அவற்றைத் தேடத் தொடங்கினார். நான் காரேஜுக்குப் போய் அளவுமானியை எடுத்து வந்து, சாவியோடு சேர்த்து அவர் கையில் கொடுத்தேன்.